காஸ்லன் ஆன்டிக் எழுத்துருவில் தேய்மானமும் பழமைத் தோற்றமும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிகாகோ நகரில் ஈய எழுத்தாக வார்க்கப்பட்டு, இன்று கணினி எழுத்துருவாகப் புழங்கும் 'காஸ்லன் ஆன்டிக்', தலைப்புகளுக்குப் பழங்கால அச்சின் சாயலை அளிக்கும் அலங்கார எழுத்துருக்களுள் பரவலாக அறியப்பட்டது. இதன் பெயர் மாற்றத்தையும் வடிவத்தையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய அச்சில் தேய்மானம் என்பது ஒவ்வோர் ஈய எழுத்துக்கும் தனித்தனியே நேர்ந்த நிகழ்வு. காஸ்லன் ஆன்டிக்கிலோ அது எல்லா இடங்களிலும் ஒன்றேபோல் திரும்ப வரும் வடிவம். இந்த வேறுபாடு அழகியலைக் கடந்து, அச்செழுத்தைக் காலச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு முறையையும் தொடுகிறது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, காஸ்லன் ஆன்டிக், செரிஃப், தேய்மானம், அச்சு வரலாறு, சான்று.

முன்னுரை

ஒரு சொல்லைப் படிக்கும்முன் அதன் எழுத்து வடிவம் கண்ணில் படுகிறது. நாடக அறிவிப்பு, மதுப்புட்டியின் முகப்புத்தாள், வரலாற்றுப் புதினத்தின் மேலட்டை ஆகியவற்றில் ஓரங்கள் சிதைந்த, மை சற்றுப் பரவியது போன்ற ரோமன் எழுத்துகளைக் காண்பவர், 'இது பழங்காலத்துச் செய்தி' என்று உடனே உணர்ந்துகொள்கிறார். அந்த உணர்வை உண்டாக்குவதே இத்தகைய எழுத்துருக்களின் பணி. நூலின் உட்பகுதியை இவற்றில் கோக்க எவரும் நினைப்பதில்லை. இரண்டு மூன்று சொற்களைப் பெரிய அளவில் நிறுத்தவே இவை பயன்படுகின்றன.

எழுத்துக் கோடுகளின் முனையில் குறுக்காக நீளும் சிறு கால்களைக் கொண்ட ரோமன் வடிவம் செரிஃப் எனப்படும். செரிஃப் எழுத்துருக்களுள் பழமையை வேண்டுமென்றே அணிந்துகொண்ட ஒரு கூட்டம் உண்டு. அக்கூட்டத்தில் காஸ்லன் ஆன்டிக்கைத் தனியே எடுத்து ஆராய்வதற்குக் காரணம், அதன் வடிவில் உள்ள பாவனையும் பெயரில் உள்ள பாவனையும் வெவ்வேறு திசைகளில் இழுப்பதாகும்.

இரண்டு பெயர்கள்

இவ்வெழுத்துருவை வடிவமைத்தவர் பெர்ன் நடால். 1890களில் சிகாகோவின் 'பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர்' என்னும் எழுத்து வார்ப்பகம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதற்கு இடப்பட்ட பெயர் 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி', அதாவது 'பதினைந்தாம் நூற்றாண்டு'. கொலம்பஸின் கடற்பயணத்துக்கு நானூறு ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடிய உலகக் கண்காட்சி 1893இல் அதே நகரில்தான் நடைபெற்றது. பதினைந்தாம் நூற்றாண்டு என்ற சொல் சிகாகோவாசிகளின் காதுக்குப் புதிதாக இருந்திருக்காது.

பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில், அதே எழுத்துகள் 'காஸ்லன் ஆன்டிக்' என்ற புதுப்பெயரோடு விற்கப்பட்டன. பெயர்தான் மாறியது, எழுத்து மாறவில்லை. ஒரே பொருள் ஒருநாள் பதினைந்தாம் நூற்றாண்டு வெனிசுக்கும் மறுநாள் பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனுக்கும் உரியதாக அறிவிக்கப்பட்டது. இடையில் உள்ள இரண்டரை நூற்றாண்டு தூரத்தை ஒரு விலைப்பட்டியல் அழித்துவிட்டது.

வில்லியம் காஸ்லன் (1692–1766) துப்பாக்கிகளின் உலோகப் பகுதிகளில் சித்திரம் செதுக்கும் தொழிலிலிருந்து எழுத்து வெட்டும் தொழிலுக்கு வந்தவர். கிறித்துவ அறிவு வளர்ச்சிக் கழகம் 1720ஐ ஒட்டி அரபி எழுத்துகளை வெட்டும் பணியை அவரிடம் ஒப்படைத்தது அவருடைய வளர்ச்சிக்கு அடிகோலியது. (தரங்கம்பாடிக்கு 1712இல் வந்துசேர்ந்த அச்சுப்பொறியை அனுப்பி உதவியதும் இக்கழகமே, தமிழ் அச்சு வரலாற்றை அறிந்தவர்களுக்கு அதன் பெயர் அந்நியமானதன்று.) 1734இல் அவர் வெளியிட்ட மாதிரித்தாள் ஆங்கில அச்சின் போக்கையே மாற்றியது. அதுவரை டச்சு எழுத்துகளை நம்பியிருந்த இலண்டன் அச்சகங்கள் உள்நாட்டு வார்ப்புக்குத் திரும்பின. கடல் கடந்த அமெரிக்கக் குடியேற்றங்களிலும் காஸ்லன் எழுத்து பரவியது. 1776 ஜூலை 4ஆம் நாள் இரவு ஃபிலடெல்ஃபியாவில் ஜான் டன்லப் அச்சிட்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனம் காஸ்லன் எழுத்தில் அமைந்தது.

காஸ்லன் என்ற பெயருக்கு அமெரிக்கச் சந்தையில் இருந்த மதிப்பு இதனால் விளங்கும். ஆனால் நடாலின் எழுத்தைக் காஸ்லனின் எழுத்தோடு வைத்துப் பார்த்தால் குடும்ப ஒற்றுமை எதுவும் தென்படுவதில்லை. விற்பனை கருதி ஒட்டப்பட்ட பெயர் என்பதே அச்சு வரலாற்றாசிரியர்களின் பொதுக்கருத்து. பெயரின் பிற்பகுதியும் தெளிவு தருவதாயில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் வார்ப்பகங்கள் 'ஆன்டிக்' என்று அழைத்தது, செங்கல் போன்ற தடித்த கால்களையுடைய விளம்பர எழுத்தை. பிரெஞ்சு வழக்கிலோ கால்களே இல்லாத எழுத்துக்கு அப்பெயர். ஆக, பெயரின் இரண்டு சொற்களும் இந்த எழுத்துருவைச் சுட்டவில்லை.

ஒரு வார்ப்பகம் ஏன் இப்படிப்பட்ட எழுத்தை நாடியது? லைனோடைப் இயந்திரம் 1886இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் முதன்முதலாகப் பணிக்கு வந்தபின், செய்தித்தாள்களும் நூல்களும் உட்பகுதி எழுத்துகளை இயந்திரத்திலேயே வார்த்துக்கொள்ளத் தொடங்கின. கைக்கோப்புக்கான எழுத்தை விற்று வாழ்ந்த வார்ப்பகங்களின் பெரும்பகுதி வருவாய் அங்கே சரிந்தது. 1892இல் அமெரிக்க வார்ப்பகங்கள் பல ஒன்றிணைந்து 'அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ்' நிறுவனமானதும் இந்நெருக்கடியின் விளைவே. அதில் அப்போது சேராத பார்ன்ஹார்ட், 1911இல் அந்நிறுவனத்தின் உடைமையாயிற்று. இயந்திரம் எளிதில் தொடமுடியாமல் எஞ்சியிருந்த களம் தலைப்பும் விளம்பரமும். அங்கே புதுமை விற்றது. பழமையும் ஒரு புதுமையாகவே விற்றது.

மையும் எழுத்தும்

காஸ்லன் ஆன்டிக்கின் வடிவத்தைப் பார்ப்போர் முதலில் கவனிப்பது புறக்கோட்டின் நடுக்கத்தை. நேராக இறங்கவேண்டிய தண்டு மெல்ல வளைந்து ஓரங்களில் அரிக்கப்பட்டிருக்கிறது. கால்களின் நீளமும் தடிப்பும் எழுத்துக்கு எழுத்து மாறுகின்றன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையிலான வேறுபாடு குறைவு. ஈரத் தாளில், மிகுந்த மையுடன், பலமுறை பயன்பட்ட எழுத்தை அழுத்தி அச்சிட்டால் எப்படித் தோன்றுமோ அப்படியொரு தோற்றத்தை வடிவமைப்பாளர் உலோகத்திலேயே நிலைநிறுத்தியிருக்கிறார்.

இங்கே அச்சு முறையைச் சிறிது நினைவுகூர வேண்டும். எஃகுத் தண்டின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து தாயச்சு உண்டாக்கி, தாயச்சில் ஈயக் கலவையை ஊற்றி எழுத்து வார்ப்பதே 15ஆம் நூற்றாண்டு முதல் காஸ்லன் காலத்தைக் கடந்தும் நடைமுறை. எஃகில் செதுக்கியவரின் நோக்கம் கூர்மை. நிக்கொலாஸ் ஜென்சன் 1470இல் வெனிசில் அச்சிட்ட நூல்களின் பக்கங்கள், ஆல்டஸுக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய எழுத்துகள் ஆகியவற்றை நல்ல படியில் காண்போர் வியப்பது அவற்றின் தூய்மையை. கரடுமுரடு என்று சொல்லத்தக்கது அவற்றில் மிகக் குறைவு. மை பரவிய சுவடு உண்டு. அது செதுக்கியவரின் கருத்தில் இல்லாதது, தாளும் மையும் அழுத்தமும் சேர்ந்து செய்தது.

எழுத்து எங்கே முடிகிறது, மை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி பழைய எழுத்துகளை மீட்டெடுக்கும் எல்லோரையும் எதிர்கொள்வதுதான். வில்லியம் மோரிஸ் தம் 'கோல்டன்' எழுத்தை 1890இல் உருவாக்கியபோது, ஜென்சன் காலத்து அச்சுப் பக்கங்களின் பெரிதாக்கிய ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்து பழகினார். ஒளிப்படம் மையையும் சேர்த்தே பெரிதாக்கும். மோரிஸின் எழுத்து ஜென்சனுடையதைவிடக் கருமை கூடியதாக அமைந்ததற்கு அவருடைய சுவையோடு இதுவும் ஒரு காரணமாகலாம். எனினும் மோரிஸ் கருமையைப் பெற்றார், சிதைவை நாடவில்லை. நடாலின் எழுத்து அந்த எல்லையைத் தாண்டுகிறது. ஜென்சன் தவிர்க்க முயன்ற விபத்தை எடுத்து 'பதினைந்தாம் நூற்றாண்டு' என்று பெயரிடுவது, அந்நூற்றாண்டின் கைவினைஞர்களுக்கு நியாயம் செய்வதாகாது. பழைய நூல் என்றால் கரடுமுரடானது என்ற எண்ணம் பொதுமக்களிடையே ஊன்றியிருப்பதில் இத்தகைய எழுத்துகளுக்குப் பங்குண்டு.

சான்றாகும் சிதைவு

ஷேக்ஸ்பியரின் நாடகத் தொகுப்பு 1623இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் அச்சாக்கத்தை ஆராய்ந்த சார்ல்டன் ஹின்மன், வாஷிங்டனின் ஃபோல்கர் நூலகத்தில் உள்ள பல படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தம் முடிவுகளை 1963இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவருடைய முறைக்கு அடிப்படை, சிதைந்த ஈய எழுத்துகள். கால் ஒடிந்த ஒரு குறிப்பிட்ட எழுத்து ஒரு பக்கத்தில் தோன்றி, பிரித்துப் பெட்டியில் போடப்பட்டு, மீண்டும் வேறொரு பக்கத்தில் தோன்றும். அந்த ஒடிவு அந்த ஒரு துண்டு ஈயத்துக்கு மட்டுமே உரியது. ஒரு மனிதனின் முகத்தழும்பு போன்றது. நூற்றுக்கணக்கான தழும்புகளை இவ்வாறு பின்தொடர்ந்த ஹின்மன், நூலின் பக்கங்கள் வரிசைப்படி கோக்கப்படாமல், தாளின் ஒரு புறத்தில் அமையும் பக்கங்கள் ஒன்றாகக் கோக்கப்பட்டன என்று நிறுவினார். யார் கோத்தார், எந்தப் பெட்டியிலிருந்து கோத்தார் என்ற வினாக்களுக்கும் அதே தழும்புகள் வழிகாட்டின.

இம்முறை இயங்குவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: சிதைவு ஒன்றேபோல் திரும்ப வரும்போது அது ஒரே ஈயத் துண்டாக இருக்கவேண்டும். ஒரே பக்கத்தில் ஒரே தழும்பு இரண்டு இடங்களில் வரமுடியாது.

காஸ்லன் ஆன்டிக் இந்த நிபந்தனையைத் தலைகீழாக்குகிறது. அதில் சிறிய 'இ' எழுத்தின் வளைவில் ஓர் அரிப்பு இருந்தால், பக்கத்தில் வரும் அந்த எழுத்துகள் அனைத்திலும் அதே இடத்தில் அதே அரிப்பு இருக்கும். தாயச்சிலேயே காயம் பதிந்துவிட்டதால் ஒவ்வொரு வார்ப்பும் அதே காயத்தோடு பிறக்கிறது. பழைய அச்சில் சிதைவு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது. இங்கே அது எல்லாவற்றையும் ஒன்றாக்குகிறது. உண்மையான பழைய அச்சைச் சற்றே பழகிய கண் இந்த எழுத்துருவை நொடியில் இனங்கண்டுகொள்வதற்கும் அதுவே காரணம். 'மிஸ்ஸிஸிப்பி' என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் இதில் கோத்தால் நான்கு 'எஸ்'களும் ஒரே ஊனத்தோடு அணிவகுத்து நிற்கும்.

கணினிப் பதிப்பில் இக்குறை கூடுதலாகிறது. ஈயக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி வார்ப்பு இருந்தது. கணினியில் ஒரே புறக்கோடு எல்லா அளவுகளுக்கும் விரிகிறது, சுருங்குகிறது. புத்தக முதுகில் கண்ணுக்குத் தெரியாத அரிப்பு, சுவரொட்டியில் விரலளவு பள்ளமாகும். தாளின் இழையும் மையின் பசையும் பெரிய எழுத்துக்காகத் தாமும் பெரிதாவதில்லை. பெரிய எழுத்தில் சிதைவு ஒப்பளவில் சிறிதாகத் தோன்றவேண்டும் என்பது அச்சு இயல்பு. தலைப்புக்கென்றே உருவான எழுத்துரு, தலைப்பு அளவில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பது இதன் முரண்.

ஒப்பீட்டுக்கு இரண்டு உண்மையான காஸ்லன் மீட்டெடுப்புகளைக் கருதலாம். கரோல் டுவோம்ப்ளி 1990இல் அடோபி நிறுவனத்துக்காக வடிவமைத்தது, 18ஆம் நூற்றாண்டு மாதிரித்தாள்களை ஆராய்ந்து மையை நீக்கி, செதுக்கியவரின் கருத்து எதுவாக இருந்திருக்கும் என்று ஊகித்துத் துலக்கிய வடிவம். ஜஸ்டின் ஹவ்ஸ் 1998இல் வெளியிட்ட 'ஃபவுண்டர்ஸ் காஸ்லன்' மாறான வழியில் சென்றது: அச்சில் பதிந்த சுவட்டை அப்படியே ஏற்று, சிறிய அளவுக்கு ஒன்று, நடுத்தர அளவுகளுக்கு வேறு, சுவரொட்டிக்கு இன்னொன்று எனத் தனித்தனி எழுத்துருக்களாக்கியது. ஹவ்ஸின் எழுத்திலும் ஒரே சுவடு திரும்பவே செய்கிறது. அந்த அளவில் அதுவும் மேற்கண்ட வாதத்திலிருந்து தப்பவில்லை. ஆயினும் அச்சுவடு ஒரு குறிப்பிட்ட தாளில் ஒரு குறிப்பிட்ட அளவு எழுத்து உண்மையில் பதித்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் உண்டு. காஸ்லன் ஆன்டிக்கின் அரிப்புக்கு அத்தகைய பிறப்பிடம் எதுவும் இல்லை.

மேடையில்

'லே மிசெராப்ல' இசை நாடகம் இலண்டனில் 1985இல் அரங்கேறியது முதல் அதன் அறிவிப்புகளில் தலைப்பு இவ்வெழுத்துருவிலேயே அமைந்துவருகிறது. மேலே, எமில் பயார் வரைந்த சிறுமி கோசெத்தின் முகம். கீழே, அரிக்கப்பட்ட ஓரங்களோடு நாடகப் பெயர். உலகின் பல நகரங்களில் கோடிக்கணக்கானோர் காஸ்லன் ஆன்டிக்கைப் பெயரறியாமலே அறிந்தது இதன்வழியாகத்தான்.

கதை நிகழ்வது 1815க்கும் 1832க்கும் இடைப்பட்ட பிரான்சில். அக்காலத்துப் பாரிஸ் அச்சு எப்படி இருந்தது? ஃபிர்மென் திதோவின் மரபில் வந்த எழுத்துகள் ஆட்சி செய்த காலம் அது. தண்டு தடித்து நிமிர்ந்திருக்கும்; கால்கள் மயிரிழை போல நேராக நீளும்; வழவழப்பான தாளில் கத்தியால் கீறியது போன்ற கூர்மை. ஐரோப்பிய அச்சு வரலாற்றில் அதைவிடத் துல்லியத்தைப் போற்றிய தலைமுறை முன்பு இருந்ததில்லை. ழான் வால்ழான் தெருச்சுவரில் ஓர் அரசாங்க அறிவிப்பைப் படித்திருந்தால், அது காஸ்லன் ஆன்டிக்கோடு சிறிதும் ஒத்திராது. பதினைந்தாம் நூற்றாண்டு என்று பிறந்து, ஆங்கிலேயர் பெயரைச் சூடிய அமெரிக்க எழுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சுக்கு முகமாயிற்று.

இருந்தும் அந்த அறிவிப்பு வெற்றி பெற்றது; அதை மறுப்பது விமரிசனக் கண்ணை மூடிக்கொள்வதாகும். வறுமை, கந்தல், தெருவில் கிடந்து நைந்த தாள் ஆகிய உணர்வுகளை அந்த அரிப்பு சுமக்கிறது. கோசெத்தின் பரட்டைத் தலையோடு அது இயைகிறது. இரண்டே சொற்கள் என்பதால் மீண்டும் வரும் எழுத்துகளின் ஒருமை உறுத்துமளவுக்குப் பெருகவில்லை. மேடையில் மன்னர் வேடம் புனைபவரின் முடி தங்கமா என்று எவரும் உரசிப் பார்ப்பதில்லை. அலங்கார எழுத்துருவின் நியாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காலத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்காதவரை அது உணர்ச்சியைத் தரலாம்.

பொறுப்பு குழம்பும் இடம் வேறு. அமெரிக்கக் குடியேற்றக் காலத்துப் பொருள் என்று விற்கப்படும் நினைவுப் பத்திரங்கள், உணவக அட்டைகள், சுற்றுலாத் தலங்களின் அறிவிப்புகள் ஆகியவற்றில் 1776இன் அடையாளமாக இவ்வெழுத்து பொறிக்கப்படும்போது, 'காஸ்லன்' என்ற பெயரே அதற்குச் சான்றிதழாகிறது. டன்லப் காஸ்லனில் அச்சிட்டார், இதுவும் காஸ்லன், ஆகவே இது அக்காலத்தது என்று தருக்கம் ஓடுகிறது. கணினியின் எழுத்துருப் பட்டியலில் அகரவரிசைப்படி அடோபி காஸ்லனுக்குச் சில வரிகள் கீழே காஸ்லன் ஆன்டிக் நிற்கிறது. தேர்பவருக்கு இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகளாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அன்று ஒரு வார்ப்பகம் செய்த விற்பனை உத்தி இன்றும் வேலை செய்கிறது.

19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் அரிய முதற்பதிப்புகள் என விற்கப்பட்ட சில சிறுநூல்கள் போலியானவை என்று ஜான் கார்ட்டரும் கிரகாம் பொல்லார்டும் 1934இல் மெய்ப்பித்தார்கள். தாளின் இழையோடு அச்செழுத்தின் வடிவமும் அவர்களுக்குத் துணைநின்றது. தலைப்புப் பக்கத்தில் போட்ட ஆண்டில் அந்த வடிவம் பிறந்திருக்கவே இல்லை. எழுத்துக்குப் பிறந்த நாள் உண்டு, அது பொய் சொல்வதில்லை என்ற நம்பிக்கையே அத்தகைய ஆய்வின் ஆதாரம். நடாலின் எழுத்தும் தன் பிறந்த நாளை மறைக்கமுடியவில்லை. மறைத்தது அதன் பெயர். நூற்பட்டியல்களும் எழுத்துருத் தொகுப்புகளும் 'காஸ்லன் குடும்பம்' என்ற தலைப்பின்கீழ் இதைச் சேர்க்கும்போது, ஆய்வாளர் நம்பவேண்டிய கருவியிலேயே பிழை புகுகிறது.

திரும்பாத வடிவம்

ஒரே காயம் திரும்புவதைத் தவிர்க்கும் முயற்சிகள் கணினிக் காலத்தில் நடந்துள்ளன. பழைமைத் தோற்றமுள்ள புதிய எழுத்துருக்கள் சிலவற்றில் ஓர் எழுத்துக்கு மூன்று நான்கு மாற்று வடிவங்கள் வைக்கப்பட்டு, அடுத்தடுத்து வரும்போது அவை தாமே மாறிக்கொள்கின்றன. உறுத்தல் குறைகிறது. ஆனால் நான்கு தழும்புகள் சுழற்சியில் வருவதும் ஒரு தழும்பு திரும்ப வருவதும் அளவில் வேறுபடுகின்றனவேயன்றி இயல்பில் அல்ல.

நெதர்லாந்தைச் சேர்ந்த யுஸ்ட் வான் ராசமும் எரிக் வான் பிளாக்லாந்தும் 1990ஐ ஒட்டி உருவாக்கிய 'பியோவுல்ஃப்' எழுத்துரு இச்சிக்கலை வேரிலிருந்தே அணுகியது. அதன் புறக்கோட்டுப் புள்ளிகள் அச்சிடும் ஒவ்வொரு முறையும் தற்செயலாக இடம்பெயரும்படி நிரலாக்கப்பட்டன. ஒரே பக்கத்தில் ஓர் எழுத்து இருமுறை வந்தால் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். ஈயத் துண்டுகளின் தனித்தன்மை, ஈயமே இல்லாத ஊடகத்தில் திரும்பி வந்தது. பியோவுல்ஃபின் முறிந்த முனைகள் எந்த நூற்றாண்டுக்கும் உரிமை கோரவில்லை. அவற்றைக் காண்பவர் அதைப் பழைய அச்சு என்று மயங்குவதும் இல்லை. எழுத்துக்கு எழுத்து வேறுபடும் சிதைவு என்னும் ஒரு கூறில், பழமை பேசும் காஸ்லன் ஆன்டிக்கைவிட அதுவே 1623ஆம் ஆண்டுப் பக்கத்துக்கு அருகில் நிற்கிறது.